கல்வி 2202, நலம் 2225

1

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் வாசிக்காமல் விட்ட பிரதி எதுவுமில்லை என்ற நினைப்பு நமக்கு உண்டு. நாவலிலிருந்து சினிமாச் சுவரொட்டி வரை, குலதெய்வக் கதையிலிருந்து பாடநூல் வரை எல்லாவற்றையும் கட்டுடைத்தாயிற்று. கல்வி என்று பேச்செடுத்தால் அல்துஸ்ஸரைத் துணைக்கு அழைப்போம். பள்ளிக்கூடம் அரசின் கருத்தியல் எந்திரம் என்று 1970இல் அவர் எழுதியதைத் தொட்டுக்காட்டாத கல்விக் கட்டுரை நம் பக்கங்களில் அபூர்வம். சரி, எந்திரம்தான். அந்த எந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுவது யார், எந்தக் கணக்கில் எழுதிவிட்டு ஊற்றுகிறார், எந்தச் சக்கரத்துக்கு ஊற்றாமல் விடுகிறார்? இந்த இடம் வந்ததும் 'அதெல்லாம் பொருளாதாரம் படிச்சவங்க வேலை, ஆசிரியர் சங்கத்துக்காரங்க பாத்துக்குவாங்க' என்று நழுவிவிடுகிறோம்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் அந்த நழுவல் வசதியாகத்தான் இருந்தது. 2025 மார்ச்சில் நடந்த ஒரு கூத்து அதைக் கெடுத்தது. தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தின் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டை எடுத்துவிட்டு 'ரூ' என்ற தமிழ் எழுத்தைப் போட்டது அரசு. ஒன்றிய நிதியமைச்சர் உட்படப் பலர் கண்டித்தார்கள். இந்தப் பக்கம் பலர் கொண்டாடினார்கள். கொண்டாடியவர்களில் நானும் ஒருவன். இரண்டு நாள் கழித்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. அட்டையிலிருந்த ஓர் எழுத்துக்கு அத்தனை சண்டை போட்டோம். அட்டைக்கு உள்ளே இருந்த எழுத்தை எங்கள் கூட்டத்தில் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் பள்ளிக் கல்விக்கான மானியக் கோரிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலக்கணம் படித்தவன் எதை வாசித்தாலும் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்றுதானே தேடுவான். இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான்.

2

நிதியமைச்சர் சட்டமன்றத்தில் வாசிக்கும் உரை நூல் அல்ல, பாயிரம். நூல், துறைவாரியாக எண்ணிடப்பட்ட மானியக் கோரிக்கைகளில் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் எண் 43. அதற்குள் கணக்குத் தலைப்புகள் வரும். 2202 என்றால் பொதுக் கல்வி. இந்த நான்கு இலக்கம் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுதான். அதன்கீழ் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி. கட்டடம் போன்ற மூலதனச் செலவென்றால் 4202.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு பத்திகள் இருக்கும். 2025-26ஆம் ஆண்டுப் புத்தகமென்றால், 2023-24இன் கணக்கு, 2024-25இன் மதிப்பீடு, அதே 2024-25இன் திருத்த மதிப்பீடு, 2025-26இன் மதிப்பீடு. நடந்தது, நடப்பது, நடக்கப்போவது என்று முக்காலமும் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. நாளிதழ்கள் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துத் தலைப்பாக்குகின்றன. பள்ளிக் கல்விக்கு 2020-21இல் 34,181 கோடி ரூபாய், 2021-22இல் 32,599 கோடி, 2022-23இல் 36,895 கோடி, 2023-24இல் 40,299 கோடி, 2024-25இல் 44,042 கோடி, 2025-26இல் 46,767 கோடி. இவை எல்லாமே எதிர்காலவினை. 'செய்வோம்' என்று சொன்ன தொகை. செய்தார்களா என்பது இரண்டு வருடம் கழித்து முதல் பத்தியில் வரும்போது அதற்குத் தலைப்புச் செய்தியுமில்லை, பாராட்டுக் கூட்டமுமில்லை.

வினைமுற்றுகளைப் பாருங்கள். 'ஒதுக்கப்பட்டுள்ளது', 'வழங்கப்படும்', 'மேற்கொள்ளப்படும்'. எல்லாம் செயப்பாட்டுவினை. யார் செய்தது என்ற இடம் காலி. யாருக்கு என்ற இடத்தில் 'பயனாளி' உட்கார்ந்திருக்கிறார். துறையின் பெயரில் 'மாணவர்' இருக்க வேண்டிய இடத்தில் பயனாளி எப்போது வந்து உட்கார்ந்தார் என்று யோசித்துக்கொண்டே படித்தேன்.

மானியம் என்ற சொல்லே தனிக் கதை. கோயிலுக்கும் பிராமணருக்கும் ஊழியக்காரருக்கும் ஆள்பவர் விட்டுக்கொடுத்த நிலம் மானியம். அந்தச் சொல்லோடு கோரிக்கையைச் சேர்த்தால் 'மானியக் கோரிக்கை'. அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது உறுப்புப்படி அமைச்சர் அவையிடம் கேட்க வேண்டும், அவை தர வேண்டும். எதிர்க்கட்சி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், அது தோற்கும், தொகை நிறைவேறும். சடங்குதான். ஆனாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற விதி அதற்குள் இருக்கிறது.

இங்கே தொல்காப்பியர் குறுக்கே வருகிறார். 'ஈ', 'தா', 'கொடு' என்று கேட்பதற்கு மூன்று சொல் உண்டென்றும், இழிந்தோன் 'ஈ' என்பான், ஒப்போன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான் என்றும் சொல்லதிகாரம் வகுக்கிறது. வகுப்பறையில் இதைச் சொல்நுட்பம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சொல்நுட்பம் மட்டும்தானா? யார் எந்தத் தரத்தில் நின்று கேட்கலாம் என்ற சமூகச் சட்டம் அது. சட்டமன்றத்தில் அமைச்சர் அவையிடம் கேட்பது 'தா'. ஆனால் அந்தப் பணம் கீழே இறங்க இறங்க, பள்ளிக்கூடம் எந்தச் சொல்லால் கேட்க வேண்டியிருக்கிறது? என் வாசிப்பு இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

3

எண் 43இன் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். 'இத்தனை கோடி ஒதுக்கி எல்லாம் வாத்தியார் சம்பளத்துக்கே போகுது' என்று டீக்கடையிலும் தலையங்கத்திலும் ஒரே குரலில் அலுத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் என்பதே ஓர் ஆசிரியரும் சில பிள்ளைகளும்தான். சம்பளம் போக மிச்சம்தான் கல்விச் செலவு என்று எண்ணுவது, நெல் போக மிச்சம்தான் விளைச்சல் என்பதுபோல. ஆனால் இந்த எண்ணத்தை அரசின் மொழியே வளர்த்தது. 2017 வரைக்கும் செலவைத் 'திட்டச் செலவு', 'திட்டம் சாராச் செலவு' என்று பிரித்து எழுதினார்கள். வருடா வருடம் கட்டாயம் தர வேண்டிய ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதி திட்டம் சாராதது. புதிதாகத் தொடங்கி, பெயர் வைத்து, விழா எடுப்பது திட்டம். 2017-18இலிருந்து அந்தப் பிரிவினை கணக்குப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. அதிகாரத்தின் மனதிலிருந்து போகவில்லை.

எப்படித் தெரியுமென்றால், சம்பளத்துக்கு வைத்திருக்கும் சொற்களிலிருந்து தெரியும். நிரந்தர ஆசிரியருக்கு 'ஊதியம்'. 2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். அதற்குப் பெயர் 'தொகுப்பூதியம்'. பிறகு அரசுகள் மாற மாறத் தொகையைக் கூட்டினார்கள். மே மாதம் மட்டும் கிடையாது என்பது நீண்டகாலம் நீடித்தது. மே மாதத்தில் அவர்கள் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள் போலிருக்கிறது. 2021இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'த் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். அது 'மதிப்பூதியம்'. தொகை குறையக் குறையச் சொல் நீளமாகவும் கௌரவமாகவும் ஆகிக்கொண்டு போகிறது. ஊதியம் வாங்குகிறவர் 'தா' என்று கேட்க முடியும், சங்கம் வைக்க முடியும். தொகுப்பூதியக்காரர்கள் சென்னையில் பல நாள் வெயிலில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு ஆயிரத்தையும் வாங்கினார்கள்.

பள்ளியின் கைச்செலவுக்கு வருகிறேன். ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 'பள்ளி மானியம்' என்று ஒன்று உண்டு. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். தலைக்கணக்கு. நியாயம்போலத் தெரிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியை, 24 பிள்ளைகள் படிக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறார். ரொக்கப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பத்தாயிரம் தம்பி. அதுல பத்து பர்சன்ட் சுகாதாரத்துக்குன்னு காட்டணும். சாக்பீஸ், ரெஜிஸ்டர், பினாயில், துடைப்பம் எல்லாம் போக மோட்டார் போச்சுன்னா என் கைக்காசு."

"பெரிய ஸ்கூல்னா எழுபத்தஞ்சாயிரம் வருதே டீச்சர்?"

"அவங்களுக்கும் பத்தாது, அது வேற. ஆனா மோட்டாருக்குத் தெரியுமா தம்பி, எங்ககிட்ட இருபத்தினாலு பிள்ளைகதான்னு?"

ஒரு மோட்டார், ஒரு கூரை, ஒரு கழிப்பறை ஆகியவற்றின் செலவு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. மலைக் கிராமம், கடலோரக் குப்பம், காலனி என்று சின்னப் பள்ளிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் தலைக்கணக்கு கடிக்கும். கூரை ஒழுகினால் பிள்ளை குறையும், பிள்ளை குறைந்தால் மானியம் குறையும், மானியம் குறைந்தால் கூரை அப்படியே கிடக்கும். கடைசியில் 'மாணவர் சேர்க்கை இல்லை' என்று ஒரு செயப்பாட்டுவினையில் பள்ளி மூடப்படும். டீச்சர் மோட்டாருக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்தேன். 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடிந்தது. 'ஈ' என்ற சொல்லின் இன்றைய வடிவம் அதுதான்.

பற்றாக்குறைக்கு அரசு காட்டும் இன்னொரு வழி நன்கொடை. 1958இலிருந்து நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பலகையும் மணியும் நிலமும் கொடுத்ததை நெ.து. சுந்தரவடிவேலு காலத்துப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். அது ஊர் தன் பள்ளிக்குக் கொடுத்தது. 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' வந்தபோது கொடுப்பவர் வரிசையில் கம்பெனிகளும் வந்தன. 2025 ஜனவரித் தொடக்கத்தில் தனியார் பள்ளிகள் 500 அரசுப் பள்ளிகளுக்கு உதவப்போவதாகச் செய்தி வந்ததும் பெரிய ரகளை. 'தத்து' என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை என்று அமைச்சர் மறுத்தார். சண்டை மறுபடியும் ஒரு சொல்லைச் சுற்றி. தத்துக் கொடுத்தார்களோ இல்லையோ, அரசின் பிள்ளைக்கு அடுத்த வீட்டுக்காரர் செலவு செய்யலாம் என்ற யோசனை அரசுக்கு வந்ததே, அதை நாம் பேசவில்லை.

4

இப்போது மேலே, தில்லிக்குப் போவோம். கல்வி 1976இல் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், 2018இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிய ஒருங்கிணைந்த திட்டம். ஒன்றியம் 60, மாநிலம் 40 என்பது இன்றைய பங்கு. இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? 2004இலிருந்து வருமான வரியின்மேல் கல்விக்கென்று 2 சதவீதக் கூடுதல் வரி, 2007இல் இன்னொரு 1 சதவீதம், 2018இல் எல்லாம் சேர்ந்து சுகாதாரத்துக்கும் கல்விக்குமாக 4 சதவீதம். இது 'செஸ்' என்பதால் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரித்தொகுப்பில் சேராது. இங்கே கட்டிய கல்விப் பணம் அங்கே போய், 'திட்டம்' என்று பெயர் மாறி, நிபந்தனையோடு திரும்பி வருகிறது.

வராமலும் போகிறது. பி.எம்.ஸ்ரீ பள்ளிகளுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுமையாக ஏற்றதாகிவிடும் என்று தமிழ்நாடு மறுத்தது. 2024-25க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை. இரண்டும் தனித்தனித் திட்டம். ஒன்றில் கையெழுத்தில்லை என்று இன்னொன்றின் பணத்தை நிறுத்தினார்கள். மாநிலம் சொந்த நிதியிலிருந்து செலவழித்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் வழக்கும் போட்டது.

இந்தச் சண்டையில் நான் தமிழ்நாட்டின் பக்கம்தான். 'எங்கள் வரிப்பணம், எங்கள் பிள்ளைகளின் உரிமை' என்று அரசு சொன்னபோது அது சரியான இலக்கணம். 'ஈ' என்று கேட்கச் சொன்னவர்களிடம் 'தா' என்று கேட்டது. அரசின் ஆவணங்களில் 'உரிமை' என்ற சொல் இவ்வளவு தெளிவாக வந்தது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தில்லியைப் பார்த்து உரிமை பேசிய அதே அரசு திரும்பி நின்று ஊரின் கடைசித் தெருவைப் பார்க்கும்போது எந்தச் சொல்லை எடுக்கிறது?

5

எண் 43ஐ முடித்துவிட்டு எண் 4ஐ எடுத்தேன். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. மாநிலம் முழுக்க 1,100க்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், இவை தவிரப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இந்தத் துறையில் இருக்கின்றன. இவற்றை நடத்தும் செலவு 'பொதுக் கல்வி' 2202இல் வருவதில்லை. 2225இல் வருகிறது. 2225 என்றால் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் 'நலம்'. அதற்குள் நுழைந்து 01, அதற்குள் 277 என்று தேடிப்போனால் 'கல்வி' என்ற சொல் கிடைக்கும். ஊர்ப் பிள்ளைக்கு நான்காவது இலக்கத்திலேயே கிடைத்த கல்வி, சேரிப் பிள்ளைக்கு ஒன்பதாவது இலக்கத்தில் கிடைக்கிறது. ஊர்த் தெரு முடிந்து ஓடை தாண்டிச் சேரி வரும் வரைபடம் கணக்குப் புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது.

இதற்கு வரலாறு உண்டு. 1920ஐ ஒட்டி, தாழ்த்தப்பட்டோர் பிரச்சினையைத் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் விட்டது சென்னை மாகாண அரசு. பொதுப் பள்ளியில் சேரிப் பிள்ளையை உட்கார விடமாட்டார்கள் என்பதால் அந்தத் துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. அதுதான் 'லேபர் ஸ்கூல்'. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலில் வந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதே காலம். 1949இல் ஹரிஜன நலத்துறை. பிறகு ஆதிதிராவிடர் நலம். பெயர்கள் மாறின. கல்வித் துறைக்கு வெளியே ஒரு பள்ளி என்ற ஏற்பாடு மாறவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தது அப்படியொரு பள்ளியில். ஊரில் அதற்குக் 'காலனி ஸ்கூல்' என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை ஜீப் வரும். இறங்குகிறவர் கல்வி அதிகாரி அல்ல, தனி வட்டாட்சியர். பாடம் எதுவும் கேட்க மாட்டார். தலைகளை எண்ணுவார், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். மனைப்பட்டாவுக்கு நிலம் எடுப்பதும் அவர் வேலைதான் என்பதால் வெளியே வந்ததும் பெரியவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "அய்யா, எங்க பேரு லிஸ்ட்ல இருக்குங்களா?" எங்கள் பள்ளிக்கூடமும் பட்டாவும் ஒரே ஜீப்பில் வந்தன, ஒரே குரலில் கேட்கப்பட்டன. கட்டடத்துக்குத் தாட்கோ, ஆசிரியர் பணியிடத்துக்கு நலத்துறை, பாடநூலுக்கும் தேர்வுக்கும் மட்டும் கல்வித் துறை. எங்கள் சத்துணவு சமூக நலத்துறையிலிருந்து வந்தது. இன்றைய காலைச் சோறும் அங்கிருந்துதான் வருகிறது. வகுப்பறையில் கணக்கு வாத்தியார் ஒரு வருடம் இல்லை. யாரிடம் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளியின் எழுவாய் யாரென்று தெரியாத வாக்கியத்தில் நாங்கள் படித்தோம்.

இந்தப் பிள்ளை கணக்குப் புத்தகத்தில் இன்னோர் இடத்திலும் வருகிறது. 1979-80இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டத்தின்படி, மக்கள்தொகை விகிதத்துக்கேற்பத் திட்ட நிதியை ஆதிதிராவிடருக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அந்த விகிதம் 20.01 சதவீதம். இதற்கென்று ஒவ்வொரு துறையிலும் 789 என்றொரு சிறுதலைப்பு. எல்லாருக்கும் செய்யும் பொதுச் செலவில் ஒரு பங்கை 789இல் எழுதிக் காட்டிவிடும் வழக்கத்தைத் தலித் இயக்கங்கள் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்டு வருகின்றன. அந்தப் போராட்டத்தால்தான் 2024இல் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. ஆக 2225இல் சேரிப் பிள்ளை இரக்கத்துக்குரிய நலம். 2202இன் 789இல் வெறும் விகிதம். இரண்டிலும் மாணவர் அல்ல.

6

'அப்படியானால் எல்லாப் பள்ளிகளையும் கல்வித் துறையில் சேர்த்துவிட வேண்டியதுதானே?' 2023 மார்ச் 20 பட்ஜெட் உரையில் அரசு அதைத்தான் அறிவித்தது. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம், அறநிலையத் துறை, வனத்துறை ஆகியவற்றின் பள்ளிகள் எல்லாம் பள்ளிக் கல்வித் துறைக்குக் கீழே வரும் என்றது. நாங்குநேரி வெட்டுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூன் அறிக்கையில் இணைப்பையும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவதையும் பரிந்துரைத்தது.

என் கட்டுரையின் போக்கைப் பார்த்தால் நான் கைதட்ட வேண்டும். ஆனால் 2023 அறிவிப்பை எதிர்த்தவர்களில் தலித் அமைப்புகளும் இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களுடைய அச்சத்தைச் சுயநலம் என்று ஒதுக்குவது அயோக்கியத்தனம். இணைத்த மறுநாள், பிள்ளை குறைவு என்று பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். காலனிக்குள் இருக்கும் நிலமும் கட்டடமும் கைமாறும். தனக்கென்று இருந்த ஒரே இடமும் போகும். நான் மேலே சொன்ன தலைக்கணக்கைப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

என் நிலைப்பாடு இதுதான். எண்ணை மாற்றுவதற்கு முன்னால் இலக்கணத்தை மாற்ற வேண்டும். 2202இன் பள்ளிக்கு உள்ள ஆசிரியர் பணியிடம், பாடவாரி ஆசிரியர், கல்வி அதிகாரியின் மேற்பார்வை, ஆய்வகம் எல்லாம் 2225இன் பள்ளிக்கும் உரிமையாக முதலில் வரட்டும். சின்னப் பள்ளிக்குத் தலைக்கணக்கு இல்லாமல் கட்டடக் கணக்கில் கைச்செலவு வரட்டும். காலனிக்குள் இருக்கும் பள்ளியை மூடமாட்டோம் என்பதைச் சட்டமாக எழுதட்டும். அதற்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கு வரட்டும். இணைப்பு என்றாலே சேரி ஊருக்குள் போவது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஊர் சேரிக்கு வரும் இணைப்பை எந்தக் கொள்கை விளக்கக் குறிப்பும் கற்பனைகூடச் செய்து பார்க்கவில்லை.

7

கடைசியாக நம்மிடம் வருகிறேன். 'தமிழ்', 'மாநில உரிமை' என்று வரும்போது நமக்கு வரும் வேகம், எண் 4 என்று வரும்போது வருவதில்லை. தில்லியோடு நடக்கும் சண்டையில் நாம் 'தா' என்பவரின் பக்கம். நல்லது. அதே நேரத்தில் நம் ஊர்ப் பள்ளி வட்டாரக் கல்வி அலுவலகத்தின் முன்னால் 'ஈ' என்று நிற்பதும், காலனிப் பள்ளி எந்த அலுவலகத்தின் முன்னால் நிற்பது என்றே தெரியாமல் நிற்பதும் நம் கட்டுரைகளில் வருவதில்லை. தில்லி நமக்குச் செய்வதைச் சென்னை சேரிக்குச் செய்கிறது என்று எழுதினால் தில்லிக்குச் சாதகமாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எழுதாமலிருந்தால் யாருக்குச் சாதகம் என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருப்பவர்கள், கிராம சபையில் எழுந்து பேசுகிறவர்கள். அடுத்த வரவு செலவுத் திட்டப் புத்தகம் வரும்போது கடைசிப் பத்தியை விட்டுவிட்டு முதல் பத்தியான கணக்கிலிருந்து படியுங்கள். 43ஐ எடுப்பதற்கு முன் 4ஐ எடுங்கள். உங்கள் ஊரில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடம் எந்த எண்ணில் வருகிறது, அதன் கணக்கு வாத்தியார் எந்த வரியில் இருக்கிறார் என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்கும் கடிதத்தில் 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்ற வரி மட்டும் வேண்டாம்.